பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் குறைந்த செலவில் உடலுக்குப் பொருத்துவது எப்படி?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய அப்பாரு வைத்திருந்த 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி, வாரிசு முறையில் உரிமம் மாற்றப்பட்டு இவர் பெயருக்கு வந்திருக்கிறது. கிளப்பில் சேர்ந்து, பறக்கும் தட்டுகளைச் சுடும் ட்ராப் பயிற்சியைத் தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறை சுடும்போதும் கன்னத்து எலும்பில் அடி விழுகிறது. ரவைகள், அதாவது தோட்டாவிலிருந்து கூட்டமாகப் பறக்கும் சிறு குண்டுகள், பெரும்பாலும் தட்டுக்குக் கீழே போவதாகப் பயிற்சியாளர் சொல்கிறார். புதிய துப்பாக்கி வாங்கவோ, தோளில் பதியும் மரப்பகுதியான அடிக்கட்டையை அளவெடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளவோ வசதியில்லை. இருப்பதை வைத்தே சரிசெய்ய வழி உண்டா என்பது அவர் கேள்வி.

வழி உண்டு. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், குறை பெரும்பாலும் கன்னம் பதியும் இடத்தின் உயரத்தில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்யச் சன்மைக்காத் துண்டுகள், ஒரு பழைய சைக்கிள் டியூப், பெரிய காகிதம், கொஞ்சம் தோட்டாக்கள் ஆகியவை போதும். ஆனால் வேலைகளின் வரிசை மாறக்கூடாது. முதலில் துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தோளில் ஏற்றப் பழக வேண்டும். அதன்பின் எடுத்துவிடக்கூடிய பொருட்களை ஒட்டிப் பார்க்க வேண்டும். அதன்பின் காகிதத்தில் சுட்டு, காகிதம் சொல்வதைக் கேட்டு மறுபடி திருத்த வேண்டும். மரத்தில் அரம் வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் வாரத்திலேயே நல்ல கட்டையை அறுத்துவிட்டுப் பிறகு பொருத்தம் தேடி அலைகிறார்கள். அப்படி ஒரு நிலை உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே சற்று நீளமாக எழுதுகிறேன்.

பொருத்தத்துக்கு முன் ஒரு செலவைத் தவிர்க்கவே கூடாது. அப்பாரு காலத்துத் துப்பாக்கியை, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் குழல், பூட்டு, தோட்டா அறை மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மி.மீ. மட்டுமே இருக்கும், இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டாக்கள் 70 மி.மீ. அளவுக்கானவை. தோட்டாவின் மேல் அச்சிட்டிருக்கும் நீளம், வெடித்து வாய் மடிப்பு விரிந்த பிறகு உள்ள நீளம் என்பதால், வெடிக்காத 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள் எந்தத் தடையுமில்லாமல் நுழைந்துவிடும்; வெடிக்கும்போதுதான் மடிப்பு விரிய இடமின்றி உள்ளே அழுத்தம் ஏறும். ஆகவே உள்ளே போகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குழலின் மேல் சுருள் சுருளாக வரிகள் தெரியும் டமாஸ்கஸ் குழலாக இருந்தால், இன்றைய புகையற்ற வெடிமருந்துத் தோட்டாவை அதில் போடவே வேண்டாம். பயிற்சிக்குக் கிளப்பின் துப்பாக்கியைப் பயன்படுத்துங்கள்.

சட்டத்தின் எல்லையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர் கையில் துப்பாக்கியை விட்டுவிட்டு வருவது உங்களுக்கும் அவருக்கும் ஆபத்து. ஊரில் எவ்வளவு கைத்திறன் உள்ள ஆசாரி இருந்தாலும், துப்பாக்கியை அவர் பட்டறையில் வைத்துவிட்டு வரக்கூடாது. குழலை வெட்டிக் குறுக்குவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அதுவே தனிக் குற்றம். சுட்டுப் பார்க்கும் வேலையைத் தோட்டத்திலோ குளத்துக்கரையிலோ வைத்துக்கொள்ளாமல், கிளப்பின் ரேஞ்சில் பொறுப்பாளர் அனுமதியோடு மட்டுமே செய்ய வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி புகுந்து வாழையையும் மக்காச்சோளத்தையும் அழிப்பது உண்மைதான். ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது, உரிமம் கையில் இருப்பது மட்டுமே அவற்றைச் சுடும் அனுமதி ஆகிவிடாது. நாம் இங்கே பேசுவது தட்டுச் சுடுதலைப் பற்றி மட்டுமே.

இனி விஷயத்துக்கு வருவோம். ரைஃபிளில் கண்ணுக்கு அருகில் ஒரு குறி, குழல் முனையில் ஒரு குறி என இரண்டு குறிகள் இருக்கும். ரவைத் துப்பாக்கியில் முனையில் ஒரு சிறு மணி மட்டும்தான் இருக்கிறது. பின்குறியின் வேலையைச் சுடுபவரின் கண்ணே செய்கிறது. அந்தக் கண் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது, கன்னம் அடிக்கட்டையின் மேல் எங்கே பதிகிறது என்பது. கண் உயர்ந்தால் ரவை உயரப் போகும். கண் தாழ்ந்தால் தாழப் போகும். இடப்பக்கம் நகர்ந்தால் இடப்பக்கம் போகும். பொருத்தம் என்று சொல்வதெல்லாம், துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்த அந்தக் கணத்தில், யோசிக்காமலே கண் குழலின் நேர்க்கோட்டில் வந்து நிற்கும்படி கட்டையின் அளவுகளை அமைப்பதுதான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி தோளில் ஏற்றுபவருக்கு எந்த அளவும் பொருந்தாது. ஆகவே முதல் சில வாரங்கள் ஒரு தோட்டாவும் செலவழிக்காமல் வீட்டில் ஏற்றிப் பழகுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்க வேண்டும். துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு அறைகளும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். எதிரில் ஆள் நடமாட்டம் இல்லாத சுவர் இருக்க வேண்டும். துப்பாக்கியை இடுப்புக்கு மேல் தயார் நிலையில் பிடித்து, சுவரும் கூரையும் சேரும் கோட்டைப் பார்த்தபடி, முதலில் கன்னத்துக்கும் பிறகு தோளுக்கும் கொண்டுவாருங்கள். தலையைத் துப்பாக்கியிடம் கொண்டுபோகக் கூடாது; துப்பாக்கிதான் கன்னத்துக்கு வர வேண்டும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து, ஏற்றி முடித்த பிறகு கண்ணைத் திறந்தால் குழல் எங்கே நிற்கிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். கை சோர்ந்த பிறகும் தொடர்ந்தால் தவறான பழக்கமே படியும்.

அடுத்து கண். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது கண் ஆதிக்கக் கண்ணாக, அதாவது குறிபார்ப்பதில் முந்திக்கொள்ளும் கண்ணாக இருந்தால், கட்டையை எப்படி மாற்றினாலும் ரவை இடப்பக்கமே இழுபடும். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு துளை விட்டு, கைகளை நீட்டி, தொலைவில் உள்ள ஒரு தென்னை உச்சியை இரண்டு கண்களாலும் அந்தத் துளை வழியே பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது மரம் மறைகிறதோ அதுவே ஆதிக்கக் கண். அது தோளுக்கு எதிர்ப்பக்கக் கண்ணாக இருந்தால், சுடும்போது அணியும் பாதுகாப்புக் கண்ணாடியில், அந்தக் கண்ணின் நேர்ப்பார்வை விழும் இடத்தில் மட்டும் ஒரு சிறு மைக்ரோபோர் டேப் துண்டை ஒட்டுங்கள். வெளிச்சமும் ஓரப்பார்வையும் கிடைக்கும். குழலின் நேர்க்கோட்டை மட்டும் அந்தக் கண் பிடிக்காது. பல பேருக்கு இந்த ஒரு டேப் துண்டே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். அடிக்கட்டையில் ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் இதைச் சோதித்துவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

இப்போது கட்டையை அளக்கலாம். மட்டமான ஒரு மேசையில் துப்பாக்கியைத் தலைகீழாகக் கிடத்தி, குழல்களின் மேற்பக்கம் பலகையில் படியும்படியும், முனை மணி மட்டும் மேசை விளிம்புக்கு வெளியே நிற்கும்படியும் வையுங்கள். கன்னம் பதியும் மேல்விளிம்பின் முன்முனையிலிருந்து பலகை வரை உள்ள இடைவெளி முன் இறக்கம். அதே விளிம்பின் பின்முனையிலிருந்து பலகை வரை உள்ளது பின் இறக்கம். சாதாரணமாகத் தொழிற்சாலையிலிருந்து வரும் துப்பாக்கியில் முன் இறக்கம் 1½ அங்குலத்தை ஒட்டியும், பின் இறக்கம் 2¼ முதல் 2½ அங்குலம் வரையும் இருக்கும். பழைய துப்பாக்கிகளில் பின் இறக்கம் 3 அங்குலத்தையும் தாண்டுவதுண்டு. உங்களுடையது அப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். இவ்வளவு தாழ்ந்த கட்டையில் கன்னத்தை அழுத்தி வைத்தால், கண்ணுக்குக் குழலின் பின்பக்க இரும்பு மட்டுமே தெரியும். ரவை தாழப் போகும். தட்டு தெரியவில்லையே என்று தலையைத் தூக்கினால் கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி விழுந்து, பின்னுதைப்பில் கட்டை ஓடிவந்து எலும்பில் அடிக்கும். கன்ன வலியும் தாழப் போவதும் உங்களுக்குச் சேர்ந்தே வருவதற்குக் காரணம் இதுதான். இரட்டைக்குழல்கள் பக்கவாட்டில் அமைந்த துப்பாக்கியில், வெடிக்கும்போது குழல்கள் சற்றுக் கீழ்நோக்கி வளைவதும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

நீளத்தை விசையிலிருந்து அடிக்கட்டையின் பின்முகத்து நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். இரட்டைக்குழலில் இரண்டு விசைகள் இருந்தால் முன்விசையிலிருந்து அளப்பதே வழக்கம். கடைகளில் கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசையை எட்டுகிறதா என்று பார்த்து நீளம் சொல்வார்கள். அது முன்கையின் நீளத்தை மட்டுமே சொல்லும். கழுத்தின் நீளம், தோளின் அகலம், நெஞ்சின் பருமன், நிற்கும் விதம் எதையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளாது. சரியான சோதனை, துப்பாக்கியை இயல்பாக ஏற்றிய நிலையில் மூக்கின் நுனிக்கும், பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் அடிக்கும் நடுவே இரண்டு முதல் மூன்று விரற்கடை இடைவெளி இருக்கிறதா என்று பக்கத்திலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்வது. அதைவிடக் குறைந்தால் கட்டைவிரல் மூக்கில் மோதும். மிகவும் கூடினால் ஏற்றும்போது அடிக்கட்டை அக்குளில் சிக்கும்.

உடையையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். தொழிற்சாலை அளவான 14 முதல் 14½ அங்குலம், குளிர்நாட்டில் கனத்த கோட்டு அணிந்து சுடுபவரை மனத்தில் வைத்துப் பழக்கத்துக்கு வந்தது. நம் வெயிலில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டையோடு சுடுபவருக்கு அதே நீளம், அவர் உயரத்துக்கு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாகவே தோன்றலாம். ஆகவே எந்தச் சட்டையோடு ரேஞ்சில் நிற்பீர்களோ அதே சட்டையோடுதான் வீட்டிலும் அளக்க வேண்டும். நீளம் போதவில்லை என்றால், அடிக்கட்டையின் மேல் உறைபோல மாட்டும் ரப்பர் பேட் ஒன்று வாங்கினால் முக்கால் முதல் ஒரு அங்குலம் வரை கூடும். உதைப்பையும் அது தாங்கும். நீளம் கூடுதலாக இருந்தால் அவசரப்படாதீர்கள். உயரத்தைச் சரிசெய்த பிறகு தலை நிற்கும் இடம் மாறும். அப்போது நீளம் பொருந்தியிருப்பதை நீங்களே காண்பீர்கள். நான் பார்த்த அளவில், கட்டை நீளம் என்று அறுக்கப்பட்டவற்றில் பாதிக்குமேல் உயரத்தைத் திருத்தியிருந்தாலே சரியாகியிருக்கக்கூடியவை.

உயரத்தைத் தோராயமாகப் பார்க்க ஒரு கண்ணாடி போதும். மேலே சொன்ன பாதுகாப்பு முறைகளை மறுபடி செய்து, துப்பாக்கி காலி என்பதை உறுதிப்படுத்தி, கண்ணாடியில் தெரியும் உங்கள் கண்ணை நோக்கி ஏற்றுங்கள். எதிரில் ஓர் ஆளை நிற்கவைத்து அவர் கண்ணை நோக்கி ஏற்றும் பழைய முறையை எந்தக் காரணத்துக்காகவும் பின்பற்றாதீர்கள். கண்ணாடியில் உங்கள் கருவிழியின் அடிப்பகுதி குழலின் மேல் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தால் உயரம் ஏறத்தாழச் சரி. கருவிழி பாதிக்குமேல் குழலுக்குப் பின் மறைந்திருந்தால் கட்டை தாழ்வு.

இப்போது சன்மைக்காவுக்கு வருவோம். கோவையிலும் ஈரோட்டிலும் ப்ளைவுட் கடைகளில் 0.8 மி.மீ. தடிமனுள்ள சன்மைக்காவின் சாம்பிள் துண்டுகள் சும்மாவே கிடைக்கும். இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் 1.6 மி.மீ.; நம் ஆசாரிகள் கணக்கில் அது அரை நூல். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பதால், அரை நூல் என்பது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. இந்த அரை நூல்தான் நம் முழு வேலைக்கும் அலகு. துண்டுகளை நாலரை அங்குல நீளமும் முக்கால் அங்குல அகலமுமாக வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் மழுக்கி, கன்னம் பதியும் விளிம்பின் உச்சியில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அவற்றின்மேல் கன்னத்துக்கு இதமாக மெல்லிய இ.வி.ஏ. ஃபோம் ஷீட் ஒன்றை வைத்து, அகலமான சைக்கிள் டியூபை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி உறைபோல ஏற்றிவிட்டால் எதுவும் அசையாது. பசை எதுவும் வேண்டாம். பழைய மெருகு கெட்டுவிடும்.

உச்சியில் மட்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பலர் கட்டையைச் சுற்றி ஸ்பாஞ்சைக் கட்டி டேப் சுற்றிவிடுகிறார்கள். அப்போது உயரம் கூடுவதோடு, கன்னம் படும் பக்கவாட்டிலும் தடிமன் கூடி, வலக்கைக்காரருக்குக் கண் இடப்பக்கம் தள்ளப்படும். தாழப் போய்க்கொண்டிருந்த ரவை இப்போது இடப்பக்கம் போகத் தொடங்கும். ஒரு குறையை நீக்கி இன்னொன்றை வரவழைத்துக்கொண்டு, காரணம் தெரியாமல் குழம்புவார்கள். ஸ்பாஞ்சு உதைப்பில் அமுங்குவதால் அளவும் நிலையாக இருக்காது.

அடுத்து காகிதம். கார்ட்டன் பெட்டி அட்டைகளை ஒட்டி நான்கடிக்கு நான்கடியாக ஒரு பலகை செய்து, அதன்மேல் வெள்ளைத் தாளோ பழைய காலண்டர்களின் பின்பக்கமோ ஒட்டி, நடுவில் எலுமிச்சை அளவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து ரேஞ்சாக இருந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசும் மாதங்களாக இருந்தால் சட்டத்தில் ஆணியடித்துக் கட்டாமல் பலகை நிற்காது. குழல் முனையிலிருந்து பலகை 16 கெஜத்தில் இருக்க வேண்டும். அதாவது 48 அடி, ஏறத்தாழ 14.6 மீட்டர். பதினாறு என்ற எண் தற்செயலானதல்ல. 28 அங்குலக் குழலில் கண்ணிலிருந்து முனை மணி வரை ஏறத்தாழ ஒரு கெஜம். ஆகவே கண் அரை நூல் நகர்ந்தால், 16 கெஜத்தில் ரவைக் கூட்டம் ஓர் அங்குலம் நகரும். காகிதத்தில் எத்தனை அங்குலம் தவறுகிறதோ, கட்டையில் அத்தனை அரை நூல் திருத்த வேண்டும்.

சுடும் விதம் முக்கியம். குறிபார்த்துச் சுட்டால் காகிதம் பொய் சொல்லும். கழுத்தை வளைத்து நீங்களே பிழையைத் திருத்திவிடுவீர்கள். தயார் நிலையிலிருந்து, புள்ளியை மட்டும் பார்த்தபடி ஏற்றி, கட்டை தோளைத் தொட்டதும் விசையை இழுக்க வேண்டும். குழலையோ மணியையோ பார்க்கக் கூடாது. ஒரே தாளில் நான்கைந்து முறை சுட்டால், ரவைத் துளைகள் அடர்ந்த ஓர் இடம் கண்ணுக்குத் தெரியும். அந்த அடர்த்தியின் நடுவைக் கையால் வட்டமிட்டு, புள்ளியிலிருந்து அளந்துகொள்ளுங்கள். ஒரு வெடியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிறகு வேறு தாளில் இரண்டாவது குழலையும் இப்படியே சோதியுங்கள். இரண்டு குழலும் ஒரே திசையில், ஒரே அளவு விலகினால் குறை பொருத்தத்தில். ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று வேறு பக்கமும் தெளிவாகப் பிரிந்து போனால் குறை துப்பாக்கியில், அதை எந்தச் சன்மைக்காவாலும் தீர்க்க முடியாது. உரிமத்தில் தோட்டாக்களின் எண்ணிக்கைக்கு வரம்பு எழுதியிருக்கும் என்பதாலும், இந்த வேலையில் உண்மையான செலவே தோட்டா என்பதாலும், ஏற்றும் பழக்கம் படிந்த பிறகு மட்டுமே இந்தக் கட்டத்துக்கு வாருங்கள். ட்ராப்பில் எந்தத் தோட்டாவைப் பயன்படுத்துவீர்களோ அதையே இங்கும் பயன்படுத்துங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ரவைக் கூட்டத்தின் நடு, புள்ளிக்கு 4 அங்குலம் கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு அரை நூல் என்றால் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம். சன்மைக்காவில் எட்டுத் துண்டு. எட்டையும் ஒரே தடவையில் வைக்காமல் ஆறு வைத்துச் சுட்டுப் பாருங்கள். கன்னம் நன்றாகப் பதியத் தொடங்கியதுமே தலையை வைக்கும் விதமும் மாறுவதால், கணக்கு சொன்னதைவிடக் குறைவிலேயே வேலை முடிந்துவிடுவதுண்டு. ட்ராப்பில் தட்டு எப்போதும் மேலேறிக்கொண்டே விலகிப் போவதால், கூட்டம் புள்ளிக்குச் சற்று மேலே அமைவது நல்லது. 40 கெஜத்தில் ரவைக் கூட்டத்தை அடக்கும் 30 அங்குல வட்டத்தின் நடு, புள்ளிக்கு 3 அங்குலம் மேலே நிற்பதை அறுபதுக்கு நாற்பது (புள்ளிக்கு மேலே அறுபது பங்கு, கீழே நாற்பது பங்கு) என்பார்கள். 16 கெஜக் காகிதத்தில் அது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். புதிதாகத் தொடங்குபவருக்கு அதற்கு மேல் உயர்த்துவதை நான் பரிந்துரைப்பதில்லை.

பக்கவாட்டு விலகலில் வலக்கைக்காரருக்கு ரவை வலப்பக்கம் போனால் வேலை எளிது: கன்னம் படும் பக்கத்தில் அதே கணக்கில் துண்டு சேர்த்தால் போதும். இடப்பக்கம் போனால்தான் சிக்கல், ஏனென்றால் கட்டை முகத்திலிருந்து விலக வேண்டும். அதற்கு மரத்தை எடுக்க வேண்டும் அல்லது கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் சூடேற்றி வளைக்க வேண்டும். வளைப்பது உரிமம் பெற்ற, கைதேர்ந்த பழுதுபார்ப்பவர் செய்ய வேண்டிய வேலை. நன்கு உலர்ந்த பழைய வால்நட் கட்டை அந்த ஒடுங்கிய இடத்தில்தான் விரிசல் விடும். அதற்குமுன் ஆதிக்கக் கண் சோதனையை மறுபடி ஒருமுறை செய்துவிடுங்கள். இடப்பக்க விலகலுக்குக் கட்டையைவிடக் கண்ணே காரணமாக இருப்பது அதிகம்.

அடிக்கட்டைப் பின்முகத்தின் சாய்வும் ஒன்று உண்டு. சுட்ட பிறகு கட்டையின் கீழ்முனை மார்பில் குத்திய இடம் சிவந்திருந்தால், ரப்பர் உறைக்குள் மேல்பாதியில் மட்டும் ஒரு ஆப்பு வடிவ அட்டை வைத்துச் சாய்வைக் கூட்டுங்கள். கட்டை அக்குளை நோக்கி வழுக்கினால் ஆப்பைக் கீழ்ப்பாதிக்கு மாற்றுங்கள்.

இப்படிச் சேர்த்த அமைப்போடு ஓரிரு மாதமாவது ட்ராப் சுட்டுப் பார்த்த பிறகே நிலையான வேலைக்குப் போகலாம். அப்போதும் துப்பாக்கியை வெளியே கொடுக்க வேண்டியதில்லை. கட்டையின் மேல்விளிம்பையும் பின்முகத்தையும் கெட்டி அட்டையில் வரைந்து, வளைவு சரியாகப் படியும்வரை அட்டையை வெட்டித் திருத்தி, சன்மைக்கா அடுக்கின் மொத்த உயரத்தையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம், பம்பு வார்ப்படங்களுக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் ஷாப்புகள் இருக்கின்றன. அரை நூலில் பாதிக்கும் கணக்குப் பார்த்து வேலை செய்பவர்கள் அவர்கள். அந்த அட்டை அச்சை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால், தேக்கிலோ வேறு கெட்டி மரத்திலோ கன்னத்துக்கான மேல்துண்டைக் கச்சிதமாகச் செய்து தருவார்கள். அதை வீட்டில் வைத்து, தோல் வேலை செய்பவரிடம் மேல்துண்டின் அளவுக்குத் தைத்து வாங்கிய, கயிறு கோத்து இறுக்கும் மெல்லிய தோல் உறையால் மூடினால், பார்வைக்கும் நன்றாக இருக்கும். அப்பாருவின் கட்டையிலும் ஒரு கீறல் விழாது. கட்டையையே செதுக்கவோ நீளத்தை அறுக்கவோ வேண்டும் என்ற முடிவுக்கு வந்தால் மட்டும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் போங்கள். போகும்போது காகிதத் தாள்களையும் நூல் கணக்கையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் ஊகிக்க வேண்டிய தேவை இருக்காது, கூலியும் குறையும்.

பராமரிப்பில் இரண்டு விஷயங்கள். செதுக்கிய மரத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லிதாகத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். தேய்த்த பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும் என்பதால், விரித்துக் காயவைத்த பிறகே வெளியே எறிய வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்து, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் நிலை ஏற்பட்டால், டியூப், தோல் உறை, ரப்பர் பேட் எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வை ஏறிய உறை வாரக்கணக்கில் மாட்டியபடியே இருந்தால் மரத்தில் கறுப்புத் தடம் விழும். கழற்றுவதற்கு முன், துண்டுகளின் எண்ணிக்கையையும் அவை நின்ற இடத்தையும் ஒரு தாளில் எழுதி, கட்டையோடு சேர்த்து ஒரு படமும் எடுத்து வைத்தால், திரும்பி வந்த அன்றே அதே அளவில் மாட்டிக்கொள்ளலாம்.